லீவு நாளில் ஊதிய சங்கு

எதிர் வீட்டுப் பெண் இங்கிலீஷ் பாடம் படிப்பது ஜன்னல் வழியே வருகிறது: ஹியர், லிஸன்.

சின்ன வயதில், ஆவடி பேக்டரி குவார்ட்டர்ஸ் வாசலில் அக்காவும் எனக்கு இதையேதான் சொல்லிக்கொடுத்தாள். "தானா காதுல விழுந்தா ஹியர். நாமளா காதுகொடுத்துக் கேட்டா லிஸன். லிஸனுக்கு அப்புறம் 'டு' போடணும், ஹியருக்கு வேணாம்."

பக்கத்து வீட்டு அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பேக்டரியில் வேலை பார்த்த அவர் புருஷன் இறந்து வெகுநாளாகியும், சாயங்காலச் சங்கு ஊதினால் காபிக்குத் தண்ணீர் வைத்துவிடுவார். அன்று பேக்டரிக்கு லீவு, சங்கு கிடையாது. ஆனாலும் முறம் சட்டென்று நின்றது.

"சங்கு ஊதிட்டான். அவரு வந்துகினு கீறாரு."

"எங்களுக்குக் கேக்கலையே அத்தே," என்றாள் அக்கா.

"நீ காது குடுக்கல கண்ணு."

அக்கா வீம்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவள் முகம் மெல்ல வெளுத்தது. அடுத்து, அத்தை வீட்டு வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் எனக்கே கேட்டது. அங்கே சைக்கிளும் இல்லை, ஆளும் இல்லை.

போன மாதம் அக்கா இறந்துவிட்டாள். காதில் விழுவது விழட்டும், காதுகொடுக்கத்தான் பயம். சாயங்காலமானால் டிவியைச் சத்தமாக வைத்துவிடுகிறேன்.