மூன்று ஜோடி சாக்ஸும் சாலையில் காய்ந்த நெல்லும்

இன்று காலை பைக்கில் காஷ்மீருக்குக் கிளம்பினேன். குளிருக்குப் பயந்து மூன்று ஜோடி சாக்ஸ், அதற்கு மேல் முழங்கால்வரை பூட்ஸ். மாட்டவே அரைமணி நேரம் ஆனது.

திருவிடைமருதூர் தாண்டுவதற்குள் சாலை முழுக்க நெல் காயப்போட்டிருந்தார்கள். அங்கே நின்ற அக்கா கையை நீட்டி மறித்தார்.

“வண்டிய ஓரமா உருட்டிக்கிட்டு போங்க தம்பி. பூட்ஸ கழட்டிடுங்க, சாப்புடுற நெல்லு.”

கழற்றினேன். மூன்றாவது சாக்ஸை உரிக்கும்போது கேட்டார்: “உள்ள காலு இருக்கா?”

அப்புறம், “எங்க போறீங்க?”

“காஷ்மீருக்குக்கா. குளிரு எப்படி இருக்குன்னு பாக்க.”

“இங்க அடிக்கிற குளிருல நெல்லு காயாம, ஈரமா இருக்குன்னு கொள்முதல் நிலையத்துல ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. இது பத்தலையா உங்களுக்கு?”

உரித்த சாக்ஸையெல்லாம் பூட்ஸுக்குள் திணித்தேன்.

“வெறுங்காலாத்தான நிக்கிறீங்க? வண்டிய நிறுத்திட்டு அந்தக் கடைசிவரைக்கும் காலால கிண்டி விடுங்க.”

மூன்று நடை கிண்டினேன்.

இப்போது டீக்கடையில் உட்கார்ந்து, நெல் சுணை பட்ட காலைச் சொறிந்துகொண்டிருக்கிறேன். இங்கிருந்து காஷ்மீர்வரை வேறு எங்கெல்லாம் நெல் காயப்போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிச்ச தூரத்துக்குச் செருப்பு போட்டுக்கொள்கிறேன்.