மாமனார் போட்ட பந்தல்

திருச்சானூரில் என் அக்கா வீட்டு மதிலோரம் பத்து மணிப் பூ பாய் விரித்தாற்போல் படர்ந்து கிடக்கும். வெயில் ஏறினால் விரியும், மதியம் தாண்டினால் சுருண்டுகொள்ளும். போன தையில் நாலு தண்டு கிள்ளிக் கொடுத்து, "பாக்கலாம், உன் கையில வருதான்னு" என்றாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

நகரியில் எங்கள் மொட்டை மாடியில் ஓட்டையான சாயத் தொட்டி ஒன்று கிடந்தது. அதில் மண் கொட்டி ஊன்றினேன். தண்டுகள் தொட்டியை நிறைத்து விளிம்பில் வழிந்தன. ஒரு திங்கட்கிழமை மொட்டும் வந்தது. நானோ எட்டு மணிக்கே பள்ளிக்கூடத்துக்கு பஸ் பிடிக்கிறவள். நான் போனபின் விரிந்து, திரும்பி வருமுன் சுருண்டுவிடுகிறது என்று நம்பினேன். என் கண்ணால் பார்க்காத பூவைப் பற்றி அக்காவிடம் போனில் அளந்தும் விட்டேன். ஞாயிறன்று வந்து பார்க்கிறேன் என்றாள்.

அன்று பத்து மணி தாண்டி இருவரும் மாடிக்குப் போனோம். தொட்டியைச் சுற்றி நாலு குச்சி, மேலே நனைத்த பழைய வேட்டி. அடியில் ஒரு மொட்டும் திறக்கவில்லை. அக்கா சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னாலேயே மாமனார் ஏறி வந்தார். காலமெல்லாம் நூலுக்குச் சாயம் போட்டு நிழலில் காயவைத்த மனிதர்.

"நல்ல செவப்பும்மா. வெயில்ல உட்டா வெளுத்துப்பூடும். அதான் தெனமும் எட்டு மணிக்கு மேல மூடிடுவேன், பொழுது சாய எடுத்துடுவேன்" என்றார்.

இத்தனை அக்கறையை வைத்துக்கொண்டு யாரிடம் கோபப்படுவது? சிரித்துக்கொண்டே வேட்டியை உருவினேன். அவர் மனசில்லாமல்தான் ஒதுங்கி நின்றார். கீழே போய் காபி போட்டு, பேசிக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் தொட்டி முழுக்கச் சிவப்பு. அக்கா தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். அதுவே எனக்குப் போதும்.

மாமனார் குனிந்து ஒரு இதழை மெல்லத் தேய்த்து, விரல் நுனியை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"சாயம் நிக்குதும்மா."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

இப்போதெல்லாம் பள்ளியில் இடைவேளை விட்டதும் போனைத் திறக்கிறேன். தினமும் ஒரு படம் வந்திருக்கும். பூவெல்லாம் விரிந்திருக்கும், ஓரத்தில் மாமனாரின் சாயம் ஏறி நீலமாகிப்போன கட்டைவிரலும் விழுந்திருக்கும்.