டோக்கனும் எழுபத்திரண்டு மணி நேரமும்

சட்டை தைக்கும் கம்பெனியின் அந்த லைனில் நாற்பது பெண்களுக்கு இரண்டே டோக்கன். கழிவறைக்குப் போகிறவள் சூப்பர்வைசர் மேஜையோரம் ஆணியில் தொங்கும் மரத்துண்டை எடுத்துக்கொண்டு போய், பத்து நிமிடத்தில் திரும்ப மாட்டிவிட வேண்டும். மணி பதினொன்று ஆவதற்குள் செக்கிங் மேஜைக்காரி நான்காவது முறையாக அதை எடுத்தாள்.

"என்னடி கழுகு, வயித்தால போகுதா?" காஜா மெஷின் அக்கா தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"தண்ணி நிறைய குடிச்சிட்டேன்க்கா."

"எதைக் குடிச்ச? உன் பாட்டில் காலையில வெச்ச மாதிரியே நிறைஞ்சு நிக்குது."

கழுகு என்பது லைன் வைத்த பெயர். சட்டையை உதறி மேஜையில் விரித்தால் விட்டுப்போன தையலும் கோணிய காலரும் தாமாக எழுந்து வந்து அவள் கண்ணில் விழும். பதினெட்டு வயதில் பிசிறு நூல் வெட்ட வந்தவள். ஒன்பது வருடத்தில் அந்தக் கண்ணுக்குத் தையல்காரிகள் எல்லாரும் பயந்தார்கள். அப்பேர்ப்பட்டவளைத் தாண்டி, பை ஒரு விரல் கீழிறங்கிய சட்டை ஒன்று இன்று இஸ்திரி மேஜை வரை போய்த் திரும்பியிருந்தது.

கழிவறைக் கதவைத் தாழிட்டுப் பார்த்தாள். ஒரு பொட்டுகூட இல்லை. பன்னிரண்டு நாள் தள்ளிப்போயிருந்தது.

வேறு மாதமாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். மாடியில் சாம்பிள் ரூமில் ஓர் இடம் காலியாகியிருந்தது. புது மாதிரிச் சட்டையை முதன்முதலில் முழுதாகத் தைத்துப் பார்க்கும் அறை அது. ஆறு மாதப் பயிற்சி. மூன்று வருடமாகக் கேட்டுக்கேட்டு வாய் ஓய்ந்த பிறகு நேற்று ஆபீஸ் மேடம் கூப்பிட்டனுப்பினாள். "உன் பேரைப் போட்டுடறேன். நடுவுல விசேஷம் கிசேஷம்னு வந்து நிக்க மாட்டியே? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லு."

வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். இருபது முப்பது நாளைக்கு ஒரு தரம் வந்து, இரண்டு வேளைச் சோறு, ஒரு தூக்கம், மகளைத் தோளில் தூக்கித் தெருமுனை வரை ஒரு நடை. அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிடும். மகள் பிறந்த புதிதில் தினமும் போடும் கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். குமட்டியது, மறந்தும் போனது. காப்பர்-டி என்று பேச்செடுத்தபோது நாத்தனார் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "அய்யோ அண்ணி, அது மேல ஏறி இங்க வந்து குத்துமாம்" என்றாள். ஆளில்லாத வீட்டுக்குத் தினமும் எதற்குப் பூட்டு என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் வந்து போனதும் அவசர மாத்திரை ஒன்று. இரண்டு வருடமாகப் பவுடர் டப்பாவுக்குள் ஓர் அட்டை எப்போதும் இருந்தது.

போன தடவை லாரி என்ஜின் படுத்துக்கொண்டது. பட்டறையில் வண்டி, வீட்டில் மனிதர், நாலு நாள். முதல் நாளே மாத்திரையை விழுங்கிவிட்டாள். அட்டையில் எழுபத்திரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தது. இனி மூன்று நாளைக்குக் காவல் என்று நிம்மதியாக இருந்தாள்.

திரும்பி வந்து டோக்கனை மாட்டப் போனவளின் கையைக் காஜா அக்கா பிடித்துக்கொண்டாள். "எத்தனை நாளாச்சு?"

"எது?"

"எங்கிட்ட நடிக்காத. ரெண்டு பெத்தவ நான்."

சொன்னாள். அக்கா மெஷினை நிறுத்தி, இன்னொரு டோக்கனையும் உருவிக்கொண்டு, படிக்கட்டுக்கு அடியிலிருந்த நர்ஸ் அறைக்கு அவளை இழுத்துப் போனாள். லைனுக்கே இப்போது டோக்கன் இல்லை.

நர்ஸ் சிறுநீரில் நனைத்த சோதனைப் பட்டையை மேஜையில் வைத்து, "அஞ்சு நிமிஷம், உக்காரு" என்றாள். உட்கார முடிந்தால்தானே? ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். டோக்கனின் கயிற்றை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்.

"ஒரு கோடுதான். கர்ப்பம் இல்ல."

அவள் அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். இரண்டாவது கோட்டின் நிழலாவது உண்டா என்று தேடினாள்.

"சட்டையில தப்புத் தேடற மாதிரியே பாக்கறா பாருங்க சிஸ்டர்" என்றாள் அக்கா.

"கடைசியா சேர்ந்து இருபத்தெட்டு நாள் ஆச்சுங்கற. அப்போ இதை நம்பலாம்" என்றாள் நர்ஸ்.

"அப்புறம் ஏன் வரல?"

"அந்த மாத்திரையாலயும் தள்ளிப்போகும். அடிக்கடி போட்டா மாசம் முன்ன பின்ன ஆயிடும். ஒரு வாரத்துல வரலைன்னா மறுபடி வா."

"மூணு நாளைக்குக் காவல்னுதான் சிஸ்டர் தைரியமா..."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "அது காவல் இல்லம்மா, கெடு. நடந்த பிறகு அதுக்குள்ள முழுங்கணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அப்புறம் நடக்கறதுக்கு அது பொறுப்பில்ல. மத்த மூணு நாளும் ஒண்ணுமே இல்லாமத்தான் இருந்திருக்க."

இல்லை என்று தெரிந்த பிறகும் அவள் அந்த நாலு நாளை விரல்விட்டு எண்ணினாள்.

"அவசரத்துக்குப் போட்டா தப்பே இல்ல. அதுவே வழக்கமானா, தினசரி மாத்திரை, ஊசி, காப்பர்-டி அளவுக்கு அது காக்காது."

"காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிடும்னு நாத்தனார்..."

"ஏறுறதுக்கு உள்ள படிக்கட்டா கட்டியிருக்கு? கர்ப்பப்பையிலதான் இருக்கும். முதல் சில மாசம் வலியும் உதிரப்போக்கும் கூட இருக்கலாம். வருஷக்கணக்குல நிக்கும், வேணாம்னா எடுத்துடலாம்."

"எட்டு வருஷமா வெச்சிருக்கேன்" என்றாள் அக்கா. "என் நெஞ்சுக்கு ஏறினது சூப்பர்வைசர் மேல இருக்கற கோபம் மட்டும்தான்."

காப்பர்-டி போட்டுக்கொள்ள நர்ஸ் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். புதன்கிழமை வருவதாகச் சொன்னார். நின்ற இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ அது ஸ்டெப்னி டயர் மாதிரி" என்றார்.

"ஆமா. ரெண்டு வருஷமா அதுலயே ஓட்டியிருக்கோம்."

வண்டியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவளே தொடர்ந்தாள். "வெள்ளிக்கிழமைதான் ஆஸ்பத்திரி. அதனால வர்ற வழியில மருந்துக்கடையில ஆணுறை பாக்கெட் வாங்கிட்டு வாங்க."

"நானா? கடைக்காரன் என்ன நினைப்பான்?"

"ரெண்டு வருஷமா என்னைப் பத்தி நினைச்சதைத்தான்."

அவர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர், "சரி, வாங்கிட்டு வரேன்" என்றதும் நடையை நிறுத்திப் போனை வைத்தாள்.

அப்படியே மாடியேறினாள். ஆபீஸ் மேடம் வாயைத் திறப்பதற்குள், "விசேஷம் ஒண்ணும் இல்ல மேடம், பேரைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மேஜைக்கு வந்தும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. காலையில் தான் தேறியதென்று அனுப்பிய கட்டுகளைத் திரும்ப வரவழைத்து முதல் சட்டையிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். இன்னும் இரண்டு பை கோணலாக அகப்பட்டன. மூன்று மணிக்கு மறுபடி எழுந்து ஆணியை நோக்கிப் போனாள்.

"இப்ப எதுக்குடி?"

அவள் காலி பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள்.

"இப்ப நிஜமாவே தண்ணி குடிச்சேன்க்கா."