மூன்றாவது வரிசை, இடமிருந்து நான்காவது

அமெரிக்கர்களின் ஃபுட்பால் எனக்கு இன்றுவரை புரியாது. டெக்சஸில் இந்த ரிச்சர்ட்சன் ஊருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அதில் இரண்டு சீசன், ஒரு வெள்ளிக்கிழமை விடாமல், மகளின் ஹைஸ்கூல் மைதானத்தில் இருந்திருக்கிறேன். ஆனாலும் யார் எதற்காக யார் மேல் விழுகிறார்கள் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். நான் அங்கே போனது ஆட்டம் பார்க்க அல்ல, நாச்சோஸ் விற்க.

மகள் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசித்தாள். ஆட்டத்தின் இடைவேளையில் பேண்ட் பிள்ளைகள் யூனிஃபார்மும் இறகு வைத்த உயரமான தொப்பியுமாக மைதானத்தில் இறங்கி, வாசித்துக்கொண்டே அணிவகுப்பார்கள். டெக்சஸில் இது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. ஆகஸ்ட் வெயிலில் தார் உருகும் பார்க்கிங் லாட்டில் காலை ஏழு மணியிலிருந்து பயிற்சி நடக்கும். மைதானத்து ஸ்நாக்ஸ் கடையை நடத்துவது பேண்ட் பெற்றோரின் பொறுப்பு. பிள்ளை பேண்டில் இருந்தால்தான் கடைக்குள் நிற்கலாம்.

முதல் வருடம், அவள் ஒன்பதாம் வகுப்பு, யாராவது ஒருவர் போயாக வேண்டும் என்பதால் போனேன். மனைவிக்கு பார்மசியில் வெள்ளிக்கிழமை மாலை ஷிஃப்ட். முதல் நாள் என் கையில் ஒரு கரண்டியையும் ஒரு டப்பா ஹாலபீன்யோ மிளகாயையும் கொடுத்து மூன்றாவது ஜன்னலில் நிறுத்தினார்கள். தட்டில் சிப்ஸ், மேலே உருக்கிய சீஸ், அதற்கு மேல் மிளகாய். இதற்கு எதற்கு இன்ஜினியரிங் படித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் மூன்றாவது ஜன்னலில்தான் நீளமான வரிசை. கஞ்சத்தனம் பண்ணாமல் மிளகாய் போடுகிறவன் நான் ஒருவன்தான். "இன்னும் கொஞ்சம் போடவா, வீட்டுக்குப் போய் என்னைத் திட்டக் கூடாது" என்று இங்கிலீஷில் நான் சொல்ல, தொப்பி போட்ட பெரிய பெரிய ஆட்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். மளிகைக் கடையில் பார்த்தால் கையை ஆட்டுவார்கள். பதினான்கு வருடத்தில் இந்த ஊரில் என்னை யாராவது எதிர்பார்த்தது அந்த ஜன்னலில்தான்.

ஆபீஸில் நான் வேறு ஆள். டெலிகாம் கம்பெனியில் டெஸ்டிங். காலாண்டுக்கு ஒருமுறை யாரையாவது வீட்டுக்கு அனுப்புவார்கள். கிரீன் கார்டு வரிசை நகராது. மீட்டிங்கில் மியூட் போட்டு உட்கார்ந்திருப்பேன். அதே மூஞ்சியோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குவேன். இதையெல்லாம் அப்போது நான் கவனித்ததாகச் சொல்ல முடியாது. பின்னால் ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது.

கடையை நடத்தியவர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். அவர் பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்டார்கள், அவர் மட்டும் கடையை விட்டுப் போகவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கறார். இடைவேளையில்தான் கூட்டம் அள்ளும், பிள்ளைகள் வாசிப்பதும் அப்போதுதான். அதனால் வாரத்துக்கு மூன்று பெற்றோர் வெளியே போய்த் தங்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று முறை வைத்து, பேர் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பார். என் முறை வரும்போதெல்லாம் நான் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவேன். "நீங்க போங்க, நான் சமாளிக்கிறேன்" என்பேன். அவர்கள் நெகிழ்ந்து நன்றி சொல்லிவிட்டு ஓடுவார்கள்.

இதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாண வீடென்றால், முகூர்த்த நேரத்தில் பெண்ணின் சித்தப்பா மணவறைப் பக்கமே வரமாட்டார். பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பார். தாலி கட்டியதைப் பார்க்கவில்லை என்று அவரும் வருத்தப்பட மாட்டார், மற்றவர்களும் அதைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள். அதுதான் அவர் பாசம். நானும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சித்தப்பாவைப் பற்றிக் கல்யாணப் பெண் என்ன நினைத்தாள் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை.

பார்க்கவில்லையே தவிர, சனிக்கிழமை காலையில் காபியோடு எனக்கு ஒரு வேலை உண்டு. பேண்ட் பெற்றோர் குரூப்பில் யாராவது வீடியோ போட்டிருப்பார்கள். முதல் வருடமே மகளிடம் கேட்டு வைத்திருந்தேன்: ஆரம்பத்தில் நிற்கும்போது மூன்றாவது வரிசை, இடமிருந்து நான்காவது. அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விரலால் சிவப்பு வட்டம் போட்டு, நாமக்கல்லில் இருக்கும் அண்ணனுக்கும் குடும்ப குரூப்புக்கும் அனுப்புவேன். தொப்பியின் விளிம்பு கண்ணை மறைத்திருக்கும், அதன் பட்டை தாடையை மறைத்திருக்கும், கிளாரினெட் வாயில் இருக்கும். முகம் என்று பார்த்தால் ஒரு மூக்கு நுனிதான். "நம்ம பொண்ணு நிக்கறதே ஒரு கம்பீரம்" என்று அண்ணன் குரல் செய்தி அனுப்புவார்.

இரண்டாவது வருடம் ஒரு சனிக்கிழமை வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது மகள் பால் எடுக்க வந்தாள். ஃபோனை அவள் பக்கம் நீட்டி, "இது நீதான கண்ணு?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "யா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நவம்பரில் அந்த சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டம். சாரலும் குளிர்காற்றும். பாதி கேலரி காலி, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். இடைவேளை நெருங்கும்போது அந்த அம்மாள் என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார். இரண்டு வருடமாக உன் முறையைத் தானம் பண்ணிக்கொண்டிருக்கிறாய், இன்றைக்குப் போய் உன் மகளைப் பார், இல்லாவிட்டால் கதவைப் பூட்டிவிடுவேன் என்றார். ஏப்ரனோடு போய் வேலியோரம் நின்றேன்.

டிரம் அடித்தது. கம்பி வேலிக்கு மேலே ஃபோனைத் தூக்கிப் பிடித்து எண்ணினேன். மூன்றாவது வரிசை, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எட்டு நிமிடம் முழுக்க அந்தத் தொப்பியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாசித்துக்கொண்டே பின்னால் நடந்தது, திரும்பியது, மழை ஈரத்தில் கால் சறுக்கப் பார்த்துச் சமாளித்தது. இதைப் பார்க்காமல் ரெண்டு வருஷம் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தேனே மடையன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

முடிந்ததும் பிள்ளைகள் வேலியை ஒட்டி வெளியே வந்தார்கள். நான்காவது தொப்பி என் எதிரில் வந்ததும் "கண்ணு" என்று கூப்பிட்டேன். தொப்பி கழன்றது. உள்ளே செம்பட்டை முடியும் முகமெல்லாம் புள்ளியுமாக வேறொரு பெண். யாருடைய அப்பாவோ என்று மரியாதையாகச் சிரித்துவிட்டு நகர்ந்தது.

என் மகளைக் கடைசியில்தான் கண்டுபிடித்தேன். யூனிஃபார்ம் இல்லை. பேண்ட் டி-ஷர்ட்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு. தண்ணீர் பாட்டில் அடுக்கிய தள்ளுவண்டியை ஓடுபாதையில் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு சக்கரம் சரியில்லை போல, அடிக்கடி நின்று உதைத்தாள். நிமிர்ந்தபோது வேலியோரம் என்னைப் பார்த்தாள். என் கையில் ஃபோன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டு வண்டியைத் தள்ளினாள்.

நான் கடைக்குத் திரும்பிப் போனேன். எப்படி இருந்தது என்று அந்த அம்மாள் கேட்டார். ரொம்ப நன்றாக இருந்தது என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை நான் வட்டம் போடவில்லை. மகள் கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கு லேர்னர்ஸ் பெர்மிட் வந்திருந்தது. சனிக்கிழமை நான் பக்கத்தில் உட்கார, அவள் ஓட்டிப் பழகுவாள். ஸ்டியரிங் பிடித்திருந்தால் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் அவளால் பேச முடிந்தது என்று நினைக்கிறேன்.

"ஐ டோல்ட் யூ, அப்பா" என்றாள். "ஆகஸ்ட்ல. ஆடிஷன்ல நான் செலக்ட் ஆகல. ஆல்டர்னேட்னு சொன்னேன். யூ வேர் இன் எ மீட்டிங்."

ஆல்டர்னேட் என்றால் யாராவது நோயில் படுத்தால் இறங்கும் பதிலாள். அதுவரை ஓரத்தில் நின்று எடுபிடி.

"நான் என்ன சொன்னேன்?"

"'சூப்பர் கண்ணு'ன்னு சொன்னீங்க. அப்புறம் ஃபார்ம் சைன் பண்ணீங்க. ஆன் யுவர் ஃபோன்."

சொல்லியிருப்பேன். பள்ளியிலிருந்து வரும் எல்லா ஃபார்மிலும் கீழே போய் பட்டனைத் தட்டுவது என் வழக்கம்.

"அப்ப விட்டிருக்கலாம்ல. வண்டி தள்றதுக்கு எதுக்குக் கண்ணு வாராவாரம் போகணும்?"

சிக்னல் சிவப்பு. சரியாக நிறுத்தினாள். வைப்பர் நாலைந்து முறை போய் வந்தது.

"ஐ வாண்டட் டு க்விட். பட் தென் யூ கான்ட் டூ தி ஸ்டாண்ட்."

ஸ்டாண்ட் என்றது ஸ்நாக்ஸ் கடையை. எனக்கு உடனே விளங்கவில்லை. அவளே தொடர்ந்தாள். "யூ லாஃப் தேர், அப்பா. ஐ கேன் ஹியர் யூ ஃப்ரம் தி ட்ராக். வீட்ல நீங்க அப்படி சிரிக்க மாட்டீங்க."

பச்சை விழுந்தது. "ரைட் சிக்னல் போடு" என்றேன். பதினைந்து வயதுப் பெண் எனக்காக ஒரு சீசன் முழுக்க தண்ணீர் வண்டி தள்ளியிருக்கிறாள். நான் யாரோ ஒரு பெண்ணைச் சுற்றி வட்டம் போட்டு ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது. அவ்வளவு அவமானம்.

மனைவியிடம் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. "உங்ககிட்ட சொல்லிட்டேன்னுதான் சொன்னா. அப்பறம் நீங்க பாட்டுக்கு வட்டம் போட்டு அனுப்பிட்டே இருந்தீங்க. அந்த நேரத்துல மட்டுந்தான் உங்க மூஞ்சி நல்லா இருந்துது. நான் என்னத்தச் சொல்ல?"

டிசம்பரோடு மகள் பேண்டை விட்டாள். நான்தான் விடச் சொன்னேன். ஏப்ரனைத் துவைத்து, அயர்ன் பண்ணி, அந்த அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவது ஜன்னலுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்றார். ஒருவேளை எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார். வெள்ளிக்கிழமை மாலைகளில் வீட்டில் இருந்தேன். மகளைக் கூப்பிட்டு வைத்துச் சிரிக்க வேண்டும் என்று இரண்டு வாரம் முயன்றேன். எங்கள் இருவருக்குமே அது கஷ்டமாக இருந்தது. அவள் ஹோம்வர்க் இருக்கிறதென்று மேலே போனாள், நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

அண்ணனிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. ஃபோனில் சொல்கிற விஷயமில்லை, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். திரும்பி வர விசா ஸ்டாம்பிங் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் நாலு வருடமாக ஊர்ப்பக்கமே போகவில்லை. அடுத்த கோடை லீவில் துணிந்து கிளம்பினோம்.

நாமக்கல்லில் அண்ணன் வீட்டு ஹாலில் நுழைந்ததும் டிவிக்கு மேலே அது தெரிந்தது. நான் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். நான் விரலால் போட்ட சிவப்பு வட்டமும் அப்படியே பிரிண்ட் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் வேறு வந்திருந்தார்கள், அமெரிக்காக்காரர்களைப் பார்க்க.

அண்ணி மகளின் கையைப் பிடித்து அதன் முன்னால் கூட்டிக்கொண்டு போனார். "இதாருன்னு தெரியுதா அம்மிணி? வர்றவங்ககிட்டெல்லாம் உங்க பெரியப்பா இதைக் காட்டாம விடறதில்ல."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். சொல்வதென்றால் அதுதான் நேரம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மகள் படத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னை ஒருமுறை பார்த்தாள், நான் சொல்லப்போகிறேனா என்று. நான் சுவரோரம் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டில் நான் எதைக் கேட்டாலும் பாதிக்கு மேல் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், அண்ணி பக்கம் திரும்பி, முழுக்கத் தமிழில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"ஆமாங்க பெரியம்மா. அது நான்தான்."