தேசம்மா நேர்ந்துகொண்ட நாற்பது நாள்

மந்தைவெளித் தெருக்களில் மீன்காரி தேசம்மாவிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது. ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு உள்ளே போனவர்கள் உண்டு. சங்கரா மீன் வேண்டும் என்று வாசலுக்கு வந்த அம்மாள், மலிவான காரப்பொடி மீனை வாங்கிக்கொண்டு, அதையும் தானே ஆசைப்பட்டு வாங்கியதாக எண்ணிக்கொண்டு போவாள். அப்படி ஒரு வாய். சாந்தோம் குப்பத்தில் அவள் புருஷன் லாசரைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வான். அவள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வாய்தான் அவளை வகையாக மாட்டிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷத்து மழைக்காலத்தில் அவள் மகள் பிலோமிக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. இரண்டரை வயசுக் குழந்தை. ஒன்பது நாள் கண்ணைத் திறக்கவில்லை. தேசம்மா மாதா சுரூபத்தின் முன்னால் முட்டி போட்டு அழுதாள். "தாயே, என் புள்ளய எனக்குத் திருப்பிக் குடுத்துடு. வர்ற தவசு காலம் நாப்பது நாளும் எங்க வூட்டு அடுப்புல மீன் ஏறாது. நான் துன்ன மாட்டேன், அவரு துன்ன மாட்டாரு, புள்ள வாயிலயும் படாது."

கடைசிப் பேச்சு தேவையே இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தவசு காலத்தில் கறியை விட்டால் போதும், மீனை யாரும் விடச் சொல்லவில்லை. அதிலும் பால்குடி மறந்து ஒரு வருஷம் ஆகாத குழந்தைக்குத் தவசு ஏது? ஆனால் கூடையிலிருந்து கொசுறு எடுத்துப் போட்டே பழகிய கை அது. வேண்டுதலிலும் கொசுறாகக் குழந்தையைச் சேர்த்துப் போட்டுவிட்டாள். பிலோமி பிழைத்து எழுந்தாள். தவசும் வந்தது.

முதல் நாள் பூசணிக்காய்க் குழம்பு. பிலோமி ஒரு வாய் வாங்கி, யோசித்து, அப்படியே தாடை வழியாக வெளியே விட்டாள். இரண்டாம் நாள் கத்தரிக்காய். அது வாய்க்குள் போகவே இல்லை. மூன்றாம் நாள் வைத்த முளைக்கீரை லாசரின் மார்பில் போய் ஒட்டிக்கொண்டது. குப்பத்துப் பெண்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். கூடையைத் தூக்கும் அவசரத்திலேயே வெல்லம் போட்டுப் பார்த்தாள், நெய் விட்டுப் பார்த்தாள், கடலைக் காட்டினாள், காக்காயைக் காட்டினாள். மந்தைவெளி முழுக்கச் செல்லுபடியான வாய் சொந்த வீட்டில் செல்லவில்லை.

"இன்னாமே, மாதா நம்ம அடுப்பயேவா பாத்துக்கினு கீது? ஒரே ஒரு நெத்திலியப் போட்டு ஊட்டு" என்றான் லாசர்.

"வாய மூடுய்யா. சொல்லிட்டேன்ல."

வாடிக்கைக்காரர்களிடம் ஒரு நாளைக்கு இருபது பொய்ச் சத்தியம் செய்கிறவள்தான். ஆனால் இது பிள்ளையின் உயிரை வைத்துச் சொன்ன சொல். மாதா கோயில் சாமியாரிடம் போய்க் கேட்கவும் அவளுக்குப் பயம். கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். அவர் விட்டாலும் மாதா விட வேண்டுமே. அதே சமயம், காய்ச்சலிலிருந்து மீண்ட குழந்தையின் கன்னம் நாளுக்கு நாள் ஒட்டிக்கொண்டே வந்தது. சொல்லைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளையைத் தோற்றுவிடுவோமோ என்று நாளைக்கு நாலு தடவை பிலோமியைத் தூக்கிக் கனம் பார்த்தாள்.

பத்தாம் நாள் ஒரு தந்திரம் செய்தாள். வாழைக்காயை வஞ்சிரத் துண்டு மாதிரி வட்டமாக நறுக்கி, அதே மசாலா தடவி, மொறுமொறுவென்று வறுத்தாள். லாசரே ஏமாந்துபோய், "அடிப்பாவி, மீன் வறுக்கிறியா?" என்று ஓடி வந்தான். பிலோமி துண்டை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"முள்ளு?" என்றாள்.

முள் இல்லை. துண்டு மணலில் போய் விழுந்தது. மீன்காரக் குடும்பத்துப் பெண்ணிடம் வாழைக்காயை மீன் என்று விற்கப் பார்த்தால் நடக்குமா?

தவசு காலத்தில் மீன் வியாபாரம் சூடு பிடிக்கும். கறியை விட்ட வீடுகளெல்லாம் மீன் கேட்கும். காலைக் கூடையை விற்றுவிட்டு இரண்டு மணிக்கு வந்தால், மத்தியான வலையின் கூடை தயாராக இருக்கும். குழந்தையின் முன் தட்டை வைத்து, "துன்னு கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடுவாள். ஊட்டுகிற பாடு லாசருடையது.

பதினான்காம் நாள் மத்தியான வலை வெறுமனே வந்தது. கூடை இல்லை. அலுத்துப்போய் உட்கார்ந்த தேசம்மா, முருங்கைக்காய்க் குழம்பைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள், ஓரத்தில் ஒரு துண்டு பூசணியும். முருங்கையைப் பிளந்து, சதையை விரலால் வழித்து, நாரை மீன்முள் மாதிரித் தட்டோரம் ஒதுக்கினாள். மூலையில் இருந்த பிலோமி எழுந்து வந்து மடியில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள்.

தேசம்மா மூச்சுக்கூட விடாமல் ஊட்டினாள். ஒரு துண்டு, இரண்டு, மூன்று. முருங்கை தீர்ந்தது. பிலோமி பூசணியைக் காட்டினாள்.

"அதுல முள்ளு இல்ல கண்ணு."

பிலோமி அம்மாவின் விரலைப் பிடித்துப் பூசணியின் மேல் வைத்தாள். "எடு."

தேசம்மா இல்லாத முள்ளை எடுப்பது போல எடுத்து ஊட்டினாள். பிலோமி அவள் மார்பில் சாய்ந்துகொண்டு, அவசரமில்லாமல் மென்றாள். அப்போதுதான் தேசம்மாவுக்கு உறைத்தது. மீன் சமைத்த நாட்களில் மத்தியானம் அரை மணி நேரம் இப்படித்தான் உட்கார்ந்து முள் எடுத்து ஊட்டுவாள், தொண்டையில் குத்திவிடும் என்ற பயத்தில். காய்கறிக்கு முள் இல்லை என்று தட்டை வைத்துவிட்டு ஓடியிருக்கிறாள். பிள்ளைக்கு வேண்டியிருந்தது மீன் இல்லை, இவள்தான். பதின்மூன்று நாளாக அந்தப் பிஞ்சு அதைத்தான் சொல்லியிருக்கிறது.

மறுநாள் மத்தியான வலை வழிய வழிய வந்தது. கூட விற்கப் போகும் கெங்கம்மா வாசலில் நின்று கத்தினாள்: "யக்கா, கெளங்கானும் வவ்வாலும் குவிஞ்சி கீது! வர்றியா இன்னா?"

"எனக்கு வேல கீதுடி. என் பங்கையும் நீயே எடுத்துக்கினு போ."

"தவசு சீசன்ல வியாபாரத்த வுட்டுட்டு அப்படி இன்னாக்கா வேல?"

தேசம்மா பிலோமியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவித்த பூசணிக்காயில் நிதானமாக முள் எடுக்க ஆரம்பித்தாள்.