அப்பாவின் வெட்டுக்கத்தி வளைந்த வியாழக்கிழமை

தேங்காயெண்ணெய் பூசிய இரும்புக்கு ஒரு வாசனை உண்டு. அன்று பேருந்தில் என் மடியிலிருந்த பையிலிருந்து அதுதான் வந்துகொண்டிருந்தது. உள்ளே, செய்தித்தாளில் சுற்றிச் சணலால் கட்டிய அப்பாவின் வெட்டுக்கத்தி. பக்கத்தில் இருந்தவள் இரண்டு முறை மூக்கை உறிஞ்சினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்...

மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா பழவங்காடிக் கோயில் பக்கம் இளநீர் வெட்டி விற்கிறவர். வகுப்பில் யாருக்கும் அது தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆளுக்கொரு கத்தி கொண்டுவரச் சொல்லியிருந்தார் லேப் சார். எந்த எஃகு எவ்வளவு வளையும், எவ்வளவு தாங்கும் என்று டெஸ்ட் செய்து பார்க்கலாம் என்றார். அப்பாவுக்குத் தெரிந்த டெஸ்ட் எல்லாம் மார்க் போடுகிற டெஸ்ட்தான். முந்தின நாளே கத்தியைச் சாணை பிடித்து, எண்ணெய் பூசி, கல்யாணத்துக்கு அனுப்புவது போலத் தயார் செய்துவிட்டார். வியாழக்கிழமை காலை நான் கிளம்பும்போது சொன்னார்:

"மார்க் கொறஞ்சா என்னயச் சொல்லாத மக்களே, கொல்லனச் சொல்லு. இன்னைக்கு ஒரு நாள் நான் லீவு. நாளைக்கு வெள்ளிக்கெழம, கோயில்ல கூட்டம் வரும். காலம்பற கத்தி கையில வேணும், கேட்டியா?"

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "இருக்கது ஒரே ஒரு கத்தி. அதையும் காலேஜில சேத்தாச்சு!"

லேபில் சார் முதலில் கத்திகளைத் தொடவே இல்லை. ஒரே நீளம், ஒரே கனத்தில் நான்கு பட்டைகளை மேஜை விளிம்பில் பூட்டினார். சாதாரண இரும்பு, ஸ்பிரிங் எஃகு, ஸ்டெயின்லெஸ், அரம் செய்கிற கடும் எஃகு. நான்கின் நுனியிலும் ஒரே எடை. எது குறைவாகத் தாழும் என்று கேட்டார். கடும் எஃகுதான் என்று எல்லாரும் சொன்னோம்.

நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு தாழ்ந்தன!

நான் குனிந்து குனிந்து பார்த்தேன். நம்பவே முடியவில்லை. சுலபமாக வளைவது கனத்தைப் பொறுத்த விஷயம், எஃகுக்கு எஃகு மாறுவது வேறு என்றார் சார். எவ்வளவு தூரம் போய்த் திரும்பி வரும்? திரும்பி வர முடியாத இடத்தைத் தாண்டினால் என்ன செய்யும்? அங்கேதான் ஒவ்வொன்றின் குணமும் தெரியும்.

பிறகு கத்திகள். நுனியை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கி, கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி வளைக்க வேண்டும். மீன் அரிகிற மெல்லிய கத்தி தொண்ணூறு டிகிரி போனது. விட்டதும் விர்ரென்று நேராக வந்து நின்றது. எல்லாரும் கை தட்டினோம்.

அடுத்தது, ஒருத்தியின் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய சமையல் கத்தி. தக்காளியைத் தாள் போல அரியும் என்றாள். குழாய் கொஞ்சம்தான் நகர்ந்திருக்கும்... டப்! பாதிக் கத்தி குழாயோடு கீழே கிடந்தது. ஒரு முனகல்கூட இல்லை. முறிந்த இடத்தில் சாம்பல் நிறத்தில், நைஸ் சர்க்கரை போல மணி மணியாக இருந்தது. அத்தனை கூர்மைக்குள் இப்படி ஒரு நொறுங்கல் ஒளிந்திருந்ததா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்போதுதான் நோட்டின் கடைசிக் கட்டம் கண்ணில் பட்டது. 'ஒடிந்த கோணம்'. ஒடிகிற வரை வளைப்பதுதான் டெஸ்ட். அப்பாவின் கத்தியையும் ஒடிக்கத்தான் போகிறார்கள்.

"அடுத்தது ஆருடெயா?" என்று மலையாளத்தில் கேட்டார் சார்.

"என்னோடது... பழவங்காடியில ஒரு இளநீர்க் கடைக்காரர்ட்ட வாங்கினேன்." பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி அது. ஒரு பையன் குழாயில் தொங்கினான், கத்தி அசையவில்லை. இன்னொருவனும் தொங்கினான். பத்து... இருபது... நாற்பது டிகிரி. குழாயை விட்டதும் கொஞ்சம் திரும்பி, வளைந்தபடியே நின்றுவிட்டது. சார் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"எந்தொரு ஸாதனம்!" என்றார் சார், நிஜமான வியப்போடு. "இதொந்நு ஒடிக்கணம். எல்லாரும் வாடா!"

ஒடித்தே பார்ப்பது என்று நான்கு பேர் குழாயைப் பிடித்தார்கள்.

"ஸாரே, மதி!"

போதும் என்றது என் குரல்தான். மூன்று வருடத்தில் அந்த வகுப்பு அதை அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. "அது என் அச்சன்டெ கத்தியா. நாளெ ராவிலெ கச்சவடத்தினு வேணம்."

என் காது சுட்டது. கடை என் அப்பாவுடையது, கத்தி நாளைக் காலை வியாபாரத்துக்கு வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

குழாயில் தொங்கியவர்களில் ஒருவன்தான் முதலில் வாய் திறந்தான். "நேரத்தெ பறயண்டே, கொச்சே!" முன்னாலேயே சொல்லக் கூடாதா பெண்ணே என்று திட்டிக்கொண்டே கத்தியை வைஸில் திருப்பிப் பூட்டினான். நான்கு பேரும் மறுபக்கம் இழுத்தார்கள். ஏறக்குறைய நேராகிவிட்டது. கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "நிறுத்தினோம் என்று எழுது. அதுதானே நடந்தது" என்றார் சார்.

வீட்டில் அப்பா ஒரு கண்ணை மூடிக் கத்தியின் நீளத்தைப் பார்த்தார். "லேசா இடுப்ப ஒடிச்சு நிக்கே..." நான் எல்லாவற்றையும் சொன்னேன். யாரோ கடைக்காரர் என்று சொன்னதையும்.

"கடைக்காரன்னுதான சொன்ன? கள்ளன்னு சொல்லல்லியே?" என்று சிரித்தார். "மார்க்கு எம்புட்டு, அதச் சொல்லு."

மறுநாள் கல்லூரிக்குப் போகிற வழியில் கடையில் போய் நின்றேன். நாற்பது டிகிரி போய் வந்த கத்தி, லேசான நெளிவோடு, மூன்றே வெட்டில் இளநீரைத் திறந்தது. அந்த எஃகைத்தான் சின்ன வயதிலிருந்து தினமும் பார்த்திருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன்.

இப்போது நான் வேலை செய்வதும் ஒரு டெஸ்டிங் லேபில்தான். குழாயில் தொங்க யாரும் வேண்டாம். பட்டனை அழுத்தினால் மெஷினே வளைக்கும், கம்ப்யூட்டரே கோடு போடும். எது ஒடிந்தாலும் எனக்கு இன்றும் ஒரு நொடி மூச்சு நிற்கும்.

மாதிரி கொண்டுவருகிறவர்களிடம் நான் மட்டும் ஒரு கேள்வி கேட்பேன்: "இது உங்களுக்குத் திரும்ப வேணுமா?" பெரும்பாலும் சிரிப்பார்கள். எப்போதாவது ஒருவர் சிரிக்காமல், கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி "ஆமா" என்பார்.

அவருடைய மாதிரித் துண்டு எவ்வளவு வளையலாம் என்று மட்டும் பார்த்துச் சொல்வேன். அதற்கு மேல் மெஷினை விட மாட்டேன்.