மல்லாக்கு சாரின் சாப்பாட்டு மேசை

பழைய மரச்சாமான் விற்கிற தெருவில் என் வீட்டுக்காரருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: மல்லாக்கு சார். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல், நேராக ஒரு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் மல்லாக்கப் படுத்துவிடுவார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வந்தவர்கள் பார்த்துப் பதறினால், "ஒண்ணும் இல்லீங்க, பரிசோதனை நடக்குது" என்று கடைக்காரர் சமாதானம் சொல்லுவார்.

அவருடைய உத்தியோகம் அப்படி. கடைகளில் இருக்கிற தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடுகிற அரசாங்க வேலை. முப்பது வருடமாக ஊரில் உள்ளவர்களைச் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர். விடுமுறை நாட்களில் அந்தச் சந்தேகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மரச்சாமான் பக்கம் திருப்பிவிட்டார்.

இதற்கு ஆரம்பம் நான்தான். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், "சாப்பாட்டு அறைக்கு ஒரு மேசை வாங்கணுங்க" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். "வாங்கினா பழைய காலத்து அசல் மேசைதான். இப்போ விக்கறதெல்லாம் மரத்தூளும் பசையும்" என்றார். பதினோரு வருடம் ஓடிவிட்டது. மேசை வரும் என்று நம்பி நடு அறையில் தாழ்வாகத் தொங்கவிட்ட விளக்கில் தினம் ஒருவர் தலையை இடித்துக்கொண்டதுதான் மிச்சம். அவர் சாய்வு நாற்காலியில் மடியில் தட்டோடு, மகள் கட்டில் விளிம்பில், நான் அடுப்பு மேடையோரம். எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். இதை ஆசை என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அவருக்கோ எந்த மேசையும் ஆகாது. ஒன்றில் திருகாணி புதிது. இன்னொன்றில் புழு அரித்த ஓட்டைக்குள் ஊசியை விட்டால் நேராக உள்ளே போகிறது. "புழு என்ன அளவுகோல் வெச்சுக்கிட்டா நடக்கும்? இது துளை போடற மெஷின்" என்பார். மற்றொன்றின் அடிப்பலகையில் வளைவு வளைவாக அறுத்த தடம். அது வட்டவாள் இயந்திரம் வந்த பிறகு அறுத்த பலகையாம். கையால் அறுத்திருந்தால் தடம் நேர்க்கோடாக விழுமாம். வட்ட மேசை என்றால் டேப்பை எடுத்துக் குறுக்கும் நெடுக்கும் அளப்பார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் முகம் சுண்டிவிடும். "நூறு வருஷத்தில மரம் குறுக்குவாட்டில சுருங்கும். வட்டம் வட்டமாவே இருந்தா அது நேத்து செஞ்சது." இதையெல்லாம் பதினோரு வருடமாக, வேண்டாம் என்றாலும் விடாமல், என் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் ஆனது. ஒரு நாள் அவள் போன் செய்து, "அம்மா, அடுத்த மாசம் அத்தையும் மாமாவும் நம்ம வீட்டுக்கு முதல்முறையா சாப்பிட வர்றாங்க. அவங்களையும் கட்டில்ல உக்கார வெச்சுடாதே" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரிடம் சொன்னால், "ஒரு மாசத்தில அசல் கிடைக்குமா? மடியில வெச்சுச் சாப்பிடட்டும், நாம சாப்பிடலையா?" என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில்தான் அந்த யோசனையும் வந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரியுமே!

இரண்டு தெரு தள்ளி இருக்கிற தச்சரிடம் போனேன். இடித்த கட்டடங்களிலிருந்து வந்த பழைய கதவுகள் அவரிடம் குவிந்து கிடந்தன. மரம் பழசு, திருகாணியும் பழசு, பலகையெல்லாம் கைவாளால் அறுத்தது. ஆறு பேர் உட்காரும்படி ஒரு வட்ட மேசை வேண்டும், ஆனால் வட்டம் ஒரு பக்கம் அரை விரல் குறைய வேண்டும் என்றேன். மனிதர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, நாப்பது வருஷமா வட்டம்னா வட்டமா அறுத்துக் குடுத்தவன் நான். கோணலா அறுக்கச் சொல்லிக் கேக்கற முதல் ஆள் நீங்கதான். வெளியே தெரிஞ்சா யார் எனக்கு வேலை குடுப்பாங்க?"

யாருக்கும் தெரியாது என்று சத்தியம் செய்த பிறகுதான் வாளை எடுத்தார். புழு ஓட்டைகள் என் கைவேலை. வளைந்த கம்பியைச் சூடாக்கி, ஒரு புழு எப்படி நினைக்கும் என்று யோசித்து யோசித்துக் குத்தினேன்.

நான் வாங்கி வந்தேன் என்றால் இவர் நம்ப மாட்டார். தானே கண்டுபிடித்தால்தான் அது அசல். அதனால் மேசையை ஒரு பழைய சாமான் கடைக்கு அனுப்பி, உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் போட்டுவைக்கச் சொன்னேன். என் சேமிப்பெல்லாம் இதில் கரைந்தது. கடைக்காரருக்கு ஏக சந்தோஷம். "இதோட அவர் வர்றது நிக்கும்ல?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னோடு அந்தக் கடைக்குப் போன அவர் ஒரு மணி நேரம் மேசைக்கு அடியில் கிடந்தார். வெளியே வந்தபோது தலையெல்லாம் ஒட்டடை, கண்ணில் தண்ணீர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிடைச்சுடுச்சு" என்றார். கல்யாணத்தன்றுகூட இப்படிப் பிடித்ததில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

மேசை ஆறு நாற்காலியோடு வீட்டுக்கு வந்தது. நடு அறையில், விளக்குக்கு நேர் கீழே நின்றது. நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"என்ன பண்றே?" என்று அலறினார்.

"சாப்பிடப் போறேன்."

"இது மேலயா? நூத்தி இருபது வருஷத்து மேசை! சூடு பட்டா என்ன ஆகறது? பக்கத்தில தண்ணி டம்ளர்கூட வரக் கூடாது!"

ஒரு போர்வையை எடுத்து அதன்மேல் போர்த்தினார். பிறகு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

மூன்று நாள் பொறுத்தேன். நான்காவது நாள் உண்மையைப் போட்டு உடைத்தேன். கதவு, கம்பி, அரை விரல், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மேசையில சாப்பிடணும்னு நீ எந்த அளவுக்குப் போயிட்டே பாரு" என்றார். வேறு வழியில்லாமல் தச்சரையே கூட்டி வந்தேன்.

"சார், நான்தான் செஞ்சேன்" என்றார் தச்சர்.

இவர் அவரை அன்போடு பார்த்தார். "நீங்க நல்ல தச்சர்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா இதைச் செஞ்ச கை இப்போ உயிரோட இல்லீங்க."

தச்சர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

சம்பந்தி வீட்டார் வருகிற ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. மகள், மருமகன், சம்பந்தி, சம்பந்தியம்மா நான்கு பேரும் வந்தார்கள். சம்பந்தி பஸ் டிரைவர், வாய் திறந்து பேசவே காசு கேட்பார் போல. சம்பந்தியம்மா தொழிற்சாலை கேன்டீனில் இருநூறு பேருக்குச் சமைக்கிறவர். அவருக்கு எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது. மடிக்கு ஒரு தட்டு என்று இவர் நீட்டியதும், "மேசைதான் இருக்கே சம்பந்தி" என்று சொல்லி ஒரே இழுப்பில் போர்வையை உருவி, என் கையிலிருந்த சூடான பாத்திரத்தை வாங்கி நடு மேசையில் வைத்துவிட்டார்.

இவர் போட்ட சத்தத்தில் மருமகன் எழுந்தே நின்றுவிட்டார். அப்புறம் பிரசங்கம் ஆரம்பித்தது. "பாருங்க, இந்த வளையம், எந்தக் காலத்திலயோ யாரோ சூடா ஒரு பாத்திரம் வெச்சது. இந்தக் கீறல் ஏதோ ஒரு குழந்தை ஸ்பூனால கிழிச்சது." வளையம் நான் சூடாக வைத்த கெட்டில். கீறல் தச்சரின் உளி வழுக்கியது.

சம்பந்தியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அவங்க வெச்சுச் சாப்பிட்டதாலதான் இதுக்கு இவ்வளவு மதிப்பு. நாங்க சாப்பிட்டா மட்டும் கெட்டுப் போயிடுமா?" என்றார்.

பதினோரு வருடத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. தராசில் கையும் களவுமாகப் பிடிபட்ட கடைக்காரர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில், "சரி, உக்காருங்க. ஆனா அவங்கவங்க தேஞ்ச இடத்தில உக்காரணும்" என்றார். விளிம்பைத் தடவித் தடவி, நூறு வருடமாக முழங்கை பட்டுத் தேய்ந்த இடம் என்று காட்டி, ஒவ்வொருவராக உட்கார வைத்தார். ஐந்து இடம் ஆயிற்று. ஆறாவது இடத்தில் அவர் கை நின்றுவிட்டது.

"இங்க தேயவே இல்லையே" என்றார். குனிந்து பார்த்தார், மறுபடி தடவினார். பிறகு வேறு ஏதோ குரலில் சொன்னார்: "இந்த இடத்துக்காரி உக்காரவே இல்ல. நின்னு பரிமாறிக்கிட்டே இருந்திருக்கா."

நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

தச்சர் பட்டறையில் விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது நான்தான், ஒரு சாயங்காலத்துக்கு ஓர் இடம் என்று. ஆறாவது நாள் தாளைக் கையில் எடுத்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. இவர் வந்துவிடுவாரே, சமைக்க வேண்டுமே என்று போட்டது போட்டபடி எழுந்து ஓடினேன். மறுநாள் காலையில் மேசையை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நிபுணர் காலத்தில்தான் நூற்று இருபது வருடம் தப்பு விட்டார். மற்றபடி கண்டுபிடித்தது சரி.

அவர் என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். விளிம்பு கூராக இருந்தது, மணிக்கட்டில் குத்தியது. முதல் வாய் எடுப்பதற்குள் சம்பந்தி தண்ணீர் கேட்டார். பழக்கதோஷத்தில் நான் பாதி எழுந்துவிட்டேன்.

"நீ உக்காரு. அந்த இடம் தேயணும்" என்று சொல்லிவிட்டு அவரே தண்ணீர் எடுக்கப் போனார்.